அம்மாவின் தகரப்பெட்டியில் ஓர் அமெரிக்கப் பை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு அணையாது. எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் நான் இல்லத்தரசி இல்லை, சத்திரத்துச் சமையல்காரி! "ஒரே ஒரு நாள், அருவியில நின்னுட்டுக் கெளம்பிருவோம்" என்று வருகிற சொந்தக்காரர்கள், கொடி முழுக்க ஈரத்துணியைப் போட்டுவிட்டு மூன்று நாள் தங்கித்தான் போவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சாரலில் துணி எங்கே காய்கிறது?

போன வருஷம் சீசனுக்கு வந்தவர்கள் தூரத்து விருந்தாளிகள். உறவில் தூரமில்லை, ஊர்தான் தூரம். என் கூடப்பிறந்த தம்பி, அவன் மனைவி, பிள்ளை மூவரும் அமெரிக்காவில் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தார்கள். மருமகப்பிள்ளைக்குப் பதிமூன்று வயது. ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்று உதடு நீலம் பாரித்து வந்தவனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினான்.

"அத்தை, ஸ்கூல்ல குடுத்தது. நீங்க ஹெல்ப் பண்ணணும்."

லீவு நாளில் எழுதிக்கொண்டு போக வேண்டிய பாடமாம். அவனே தமிழில் சொன்னான். அமெரிக்க சரித்திரத்தில் பெரிய திருப்பம் என்று சொல்லத்தக்க ஒரு சம்பவம், அது உன் குடும்பத்தை எப்படித் தொட்டது, வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டு எழுது என்று போட்டிருந்ததாம்.

"ஆச்சி இல்லைல்லா... ஸோ நீங்கதான் ஓல்டஸ்ட்" என்றான், கொஞ்சமும் கூசாமல். எனக்கு நாற்பத்தாறு வயது. போன வாரம்தான் தலைக்கு மருதாணி போட்டிருக்கிறேன். ஒரே வார்த்தையில் கிழவியாக்கிவிட்டான், பாருங்களேன்!

"எனக்கு என்னய்யா தெரியும்? நான் பன்னிரண்டாவதோட நின்னவ. அமெரிக்கா எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது. உங்க மாமாவைக் கேளு" என்றேன். மாமா ஏற்கெனவே பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டியிருந்தார். ஆண்களுக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்துதான் வருமோ!

பிள்ளை குளிரில் நடுங்கியது. கம்பளி எடுக்கலாம் என்று அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். கம்பளிக்கு அடியில் அந்தப் பை இருந்தது. மங்கிப்போன வெள்ளைக் காடாத் துணியில் தைத்த பை. அதில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படமும், மேலே நட்சத்திரமும் பட்டைக்கோடுகளும் பாதி அழிந்து தெரிந்தன. அம்மா அதில் வெந்தயம் போட்டு வைத்திருந்தாள்.

"அத்தை! இது எங்க ஃப்ளாக்!" என்று பிடுங்கினான் பயல். "இது எப்படி இங்க வந்துச்சு?"

அமெரிக்காவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அவன் அப்படிக் கேட்ட பிறகுதான், எனக்குத் தெரிந்தது கொஞ்சம் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

அம்மா பிறந்தது ஆய்க்குடி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது 1961. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவுக்கு அந்த 1961-லிருந்துதான் 'கேர்' என்ற அமெரிக்க ஸ்தாபனம் சாமான் கொடுக்க ஆரம்பித்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் டின், பிறகு பல்கர் என்கிற உடைத்த கோதுமை. அம்மா அந்த உப்புமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "மஞ்சக் கலர்ல, ஒரு மாதிரி வாசனையா, கொழகொழன்னு இருக்கும்ளா. மொத நாள் எல்லாப் பிள்ளையும் மூஞ்சியச் சுளிச்சிச்சு. மூணாம் நாள் தட்டைத் தூக்கிட்டு வரிசையில மொத ஆளா நான் நின்னேன்" என்பாள். பால் பவுடரைக் கரைப்பதற்கு முன்னால் ஆயாவிடம் கெஞ்சிக் கையில் ஒரு சிமிட்டா வாங்கி நக்குவார்களாம். அது மேல் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். பிற்பாடு வீட்டில் எவ்வளவோ பால் காய்ச்சியும் அந்த ருசி வரவில்லை என்று அறுபது வயதிலும் குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்த மாவு வந்த பைதான் இது. 'அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கக் கூடாது' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். பிறகு காலிப் பை எப்படி எங்கள் ஆச்சி கைக்கு வந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்! ஆச்சி அதில் பை தைத்தாள், தலையணை உறை தைத்தாள், அம்மாவுக்குப் பாவாடைக்கு உள்ளே போடக்கூடத் தைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஓடும்போது பாவாடை தூக்கினால் பின்பக்கம் இரண்டு கை குலுக்கிக்கொண்டிருக்குமாம். இதைச் சொன்னதும் பயல் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்து வந்ததுதான் கோதுமை. 1965-லும் 1966-லும் வரிசையாக இரண்டு வருஷம் நாட்டில் மழை பொய்த்தது. பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை ராத்திரி மட்டுமா விட்டோம்?" என்பாள் எங்கள் ஆச்சி. 1966-ல் மட்டும் வெளிநாட்டுத் தானியம் கிட்டத்தட்ட ஒரு கோடி டன் வந்திருக்கிறது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. 1954-ல் ஐசன்ஹோவர் காலத்தில் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள், பி.எல். 480 என்று. அவர்கள் களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடந்ததை, நாம் டாலர் தேடி அலையாமல் ரூபாயிலேயே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள அது வழி செய்தது. ஆனால் பஞ்ச வருஷத்தில் ஜான்சன் என்கிற ஜனாதிபதி மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் எண்ணி எண்ணிக் கப்பலை விட்டார். 'நீங்கள் உங்கள் விவசாயத்தைச் சீர்படுத்துங்கள்' என்பது ஒரு காரணம். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி நம்மவர்கள் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. இந்த விவரமெல்லாம் பிற்பாடு தென்காசி நூலகத்தில் எடுத்துப் படித்தது. ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது. கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று சொன்னது மட்டும்தான் தெரியும்.

சிற்றாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற சீமையில் பிறந்தவளிடம் கோதுமையைக் கொடுத்தால் என்ன செய்வாள்? நெல்லைக் குத்துகிற மாதிரி உரலில் குத்தினாள். சோறு மாதிரி வடித்தாள். அது விறைத்துக்கொண்டு நின்றது. தாத்தா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது மாட்டுக்கா எனக்கா?" என்று கேட்டாராம். ஆச்சி அன்றைக்குப் பூராவும் அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டில் வடக்கே ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர்தான் மாவரைத்து சப்பாத்தி தேய்க்கக் கற்றுக் கொடுத்தாராம். பூரிக்கட்டைக்குப் பதில் செம்பைக் கவிழ்த்துத் தேய்த்தாளாம். எங்கள் குடும்பத்தில் முதல் சப்பாத்தி அதுதான். இன்றைக்கு டாக்டர் சர்க்கரைக்குச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னால் நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆச்சி இருந்தால் கையில் செம்போடு வருவாள்.

அந்தக் கோதுமையோடு பார்த்தீனியச் செடியும் வந்துவிட்டது என்று சொல்வார்கள். எங்கள் கொல்லையில் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எனக்குக் கை அரிப்பு வந்ததுதான் மிச்சம். வந்த நல்லதையும் சொல்ல வேண்டும். அரிசித் தட்டுப்பாடு இங்கே 1967 தேர்தலில் ஆட்சியே மாறியதற்கு ஒரு காரணம் ஆனது. வயலுக்குக் குட்டை நெல் வந்தது. தாத்தா ஐ.ஆர்.எட்டு போட்ட முதல் போகத்தில், "அரிசி மொத்தம், ஆனா மூட்டை ஜாஸ்தி" என்றாராம். அதற்குப் பிறகு கப்பலை எதிர்பார்க்கிற காலம் மெல்ல மெல்லப் போய்விட்டது.

கென்னடியைச் சுட்டது 1963 நவம்பர் 22. நம் ஊர்களில் கென்னடி என்று பேர் வைத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில்கூட அவ்வளவு இருக்குமோ என்னமோ! எங்கள் தென்காசி தனி மாவட்டமாக ஆனதும் அதே நவம்பர் 22-ல்தான், 2019-ல். 1969 ஜூலையில் மனிதன் நிலாவில் இறங்கியபோது ஆச்சி நம்பவில்லை. "கால் வச்சவன் செருப்பைக் கழட்டினானா?" என்று மட்டும் கேட்டாளாம். இதையெல்லாம் பயல் வேகவேகமாக எழுதிக்கொண்டான்.

அதற்குள் என் தம்பியும் வந்து திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் அம்மாவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசவில்லை.

"அப்பா, நீ எப்படி அமெரிக்கா வந்தே, தெரியுமா?" என்று பிள்ளை கேட்டான்.

"பிளைட்லதான்" என்றான் தம்பி.

"இல்ல. 1965 லாவாலே." பிறகு அவன் எனக்கு வாத்தியாரானான். 1917-லிருந்து நம் ஆட்களை அங்கே குடியேற விடுவதே இல்லையாம். 1946-ல் போனால் போகிறதென்று வருஷத்துக்கு நூறு பேர் என்று கணக்கு வைத்தார்களாம். முழு இந்தியாவுக்கும் நூறு பேர்! நம் குற்றாலத்து பஸ்ஸிலேயே சீசன் நாளில் அதற்கு மேல் ஏறுகிறார்கள். 1965 அக்டோபர் 3-ஆம் தேதி, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை அடிவாரத்தில் ஜான்சன் கையெழுத்துப் போட்டு அந்தக் கணக்கை ஒழித்தார். எந்த நாட்டில் பிறந்தான் என்று பார்த்துத் தள்ளிவைப்பது போய், படிப்பும் தொழிலும் சொந்தபந்தமும் பார்த்து எடுப்பது வந்தது. அதே ஜான்சன்தான்! ஒரு கையால் கப்பலை எண்ணிக்கொண்டு இன்னொரு கையால் கதவைத் திறந்திருக்கிறார்.

"ஏன் திறந்தாரு?" என்று கேட்டேன்.

"பிளாக் பீப்பிள் ஃபைட் பண்ணினதாலே, அத்தை."

தோல் நிறம் பார்த்துத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பைப்பு, பஸ்ஸில் பின் சீட்டு என்று நடத்திய கொடுமையை எதிர்த்து அந்த மக்கள் வருஷக்கணக்காகத் தெருவில் நடந்தார்கள், அடிபட்டார்கள், செத்தார்கள். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965 ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. வீட்டுக்குள் நிறம் பார்க்கக் கூடாது என்று ஆன பிறகு, வாசலில் நின்று மட்டும் எப்படி நிறம் பார்ப்பது? அந்த வேகத்தில் வந்ததுதான் அக்டோபர்ச் சட்டமும். பிள்ளை இன்னொன்றும் சொன்னான். அவன் அங்கே பிறந்த அன்றைக்கே அந்த நாட்டுப் பிரஜை. அந்த விதியே அடிமைகளாக இருந்தவர்களுக்காக 1868-ல் எழுதியது என்றான்.

தம்பி தரையைப் பார்த்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பயலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டாமா? எங்கள் தாத்தா சொன்னதைச் சொன்னேன். 1934-ல் காந்தி தீண்டாமை ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போனபோது குற்றாலத்துக்கும் வந்தார். இவ்வளவு பெயர் பெற்ற அருவி. ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களை அங்கே குளிக்க விடுவதில்லை என்று தெரிந்ததும், அவரும் குளிக்காமலே போய்விட்டார். மார்ட்டின் லூதர் கிங் காந்தியைப் படித்துத்தான் போராட வந்தார் என்று பிள்ளையின் பாடத்தில் இருக்கிறது. அந்தக் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது நமக்குக் கிட்டத்தில், திருவனந்தபுரம், கன்னியாகுமரி வரைக்கும் வந்திருக்கிறார். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் திருவனந்தபுரம் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்த தலைமையாசிரியர், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்' என்று சொன்னாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, பிறகு ஆமாம், நானும் அதுதான் என்று ஒப்புக்கொண்டேன் என்று கிங்கே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

பயல் பேனாவை நிறுத்தினான். "அத்தை, 1934-ல நாம? நம்ம ஃபேமிலி குளிச்சாங்களா, இல்லையா?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் எங்களில் யாரும் தாத்தாவிடம் கேட்டதில்லை. காந்தி கதையைப் பெருமையாகச் சொல்வோம், அதோடு சரி. எங்கள் வீட்டில் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்ததை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"குளிச்சவங்கதான்யா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டான். அதை எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தம்பி அங்கே போனது 2006-ல். அவன் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான், 2001 செப்டம்பர் 11 சாயங்காலம், டி.வி.யில் அந்த இரட்டைக் கோபுரம் சரிவதைப் பார்த்தோம். "எந்த ஊருக்கு வேணா போ, அங்க மட்டும் போகாத" என்று அம்மா அன்றே சத்தியம் வாங்கினாள். ஐந்து வருஷம்தான் தாங்கியது அந்தச் சத்தியம். 1990-ல் எங்கள் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது, எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அதே வருஷம் அங்கே எச்-1பி என்கிற வேலை விசாவுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். யாருக்குத் தெரியும், அது நம் வீட்டுப் பிள்ளைக்கு என்று!

2008 செப்டம்பரில் அங்கே பெரிய பேங்க் ஒன்று கவிழ்ந்து உலகமே ஆடியதே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த தை மாதம் தம்பிக்கு வேலை போயிற்று. இப்போது வேலை போனால் வேறு தேட அறுபது நாள் கொடுக்கிறார்கள். அது 2017-ல் வந்தது. அப்போது அதுவும் இல்லை. கல்யாணம் ஆகி எட்டு மாதம். அவளும் எஞ்சினியர்தான், ஆனால் கணவன் விசாவில் போனவள் வேலை பார்க்கக் கூடாது என்பது அன்றைய விதி. தம்பி எனக்கு மட்டும் போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்." இங்கே மாடி எடுத்த கடனுக்கு மாதாமாதம் அவன் அனுப்பும் பணம்தான் கட்டி வந்தது. என் எட்டுப் பவுன் சங்கிலியை அடகு வைத்து ஐந்து மாதம் நான் கட்டினேன். கழுத்து ஏன் மொட்டையாக இருக்கிறது என்று அம்மா கேட்டபோது, வியர்வைக்கு அரிக்கிறது என்றேன். அவன் வேறு வேலை பிடித்து, ஒரு வருஷத்தில் மீட்டுக் கொடுத்துவிட்டான். அமெரிக்காவில் இருக்கிற தம்பிக்குத் தென்காசியிலிருந்து அடகு வைத்துத் தாங்கினேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆனாலும் அந்த ஐந்து மாதத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நெருக்கமாக இருந்தோம்.

2020-ஐச் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். பயல் விடவில்லை. "எது உங்க ஃபேமிலியை ரொம்ப சேஞ்ச் பண்ணிச்சு, அதைத்தான் எழுதணும்" என்றான்.

அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். மே மாதத்திலிருந்து அரசாங்கம் சிறப்பு விமானம் விட்டது. வந்துவிடலாம்தான். ஆனால் தம்பி பாஸ்போர்ட்டில் குத்திய விசா காலாவதியாகியிருந்தது. வெளியே வந்தால் புதிதாகக் குத்தவேண்டும். இங்கே தூதரகங்கள் அந்த வேலையை நிறுத்தியிருந்தன. ஜூன் 22-ஆம் தேதி அவர்கள் ஜனாதிபதி, வருஷம் முடிகிற வரைக்கும் எச்-1பி-யில் புதிதாக யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். வந்தால் திரும்ப முடியாது. பெண்டாட்டி பிள்ளை அங்கே, வேலை அங்கே. பச்சை அட்டைக்கு எழுதிப்போட்டு எட்டு வருஷமாகக் காத்திருந்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழு என்று வைத்திருக்கிறார்கள். சின்ன நாட்டுக்கும் ஏழு, நமக்கும் ஏழு. வரிசை நகர்வதே இல்லை. நூறு பேர் என்ற கணக்கு போனாலும் கணக்கு போகவில்லை, பாருங்கள்.

அந்த ஜூனில்தான் மினியாபோலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்கிற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் முழங்காலுக்கு அடியில் மே 25-ல் மூச்சுத் திணறிச் செத்து, ஊர் ஊராக ஜனங்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். தம்பி வீடியோவில் பேசும்போது, "இவங்க எப்பவும் இப்படித்தாம்மா, கலாட்டா" என்றான். அம்மாவுக்கு அப்போதே நெஞ்சு சரியில்லை, கட்டிலில் சாய்ந்திருந்தாள். "எலே, வயிறு எரியாமலா மனுசங்க தெருவுல வந்து நிப்பாவ?" என்றாள். அதற்கு மேல் அவனும் பேசவில்லை. திண்ணையில் அவன் தரையைப் பார்த்தது அதை நினைத்துத்தான்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குளிக்கத்தான் யாரையும் விடவில்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டம். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். என் மகள் போனைத் தூக்கிப் பிடித்து மாமாவுக்குக் காட்டினாள். தூக்குகிற நேரத்தில் லைன் அறுந்துவிட்டது. அவள் புத்திசாலி, அப்படியே போனில் படம் பிடித்து வைத்தாள். நான் அதை அவனுக்கு அனுப்பவில்லை. அவனும் கேட்கவில்லை. 2022-ல் பச்சை அட்டை கிடைத்துப் பத்து நாள் தனியாக வந்தான். அப்போதும் அம்மாவின் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, அதைக் கேட்கவும் இல்லை.

எனக்கு அவன் மேல் கோபம். வந்திருக்கலாம், வேலை என்ன பெரிய வேலை என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். போனில் "சாப்பிட்டியா, மழை உண்டா" என்பதோடு சரி. அந்தக் கோபத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை வரச் சொல்லாதட்டீ. வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு சொன்னானே. பிள்ளை அங்க கெடந்து தவிக்கும். அவன் வரலைன்னு நீ மூஞ்சியத் தூக்கிட்டு அலையாத" என்று சொன்னாள். இதை நான் அவனிடம் சொல்லவே இல்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று அவன் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான்கு வருஷம். கூடப்பிறந்தவள் செய்கிற காரியமா இது?

பிள்ளைக்குச் சொல்கிற சாக்கில், அவன் தாளைப் பார்த்துக்கொண்டே, அதை அப்படியே சொல்லிவிட்டேன். பயலுக்கு பாதித் தமிழ் புரியவில்லை. "தவிக்கும்னா என்ன, அத்தை?" என்று கேட்டான். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான். தூக்கி வாரிப் போட்டது எனக்கு.

கையும் காலும் ஓடாமல் அடுக்களைக்குப் போய், ஏதாவது செய்ய வேண்டுமே என்று சம்பா ரவையை எடுத்தேன். அந்த பல்கர் உப்புமா எப்படித்தான் இருக்கும் என்று பயலும் கேட்டுக்கொண்டிருந்தான். ரவையை வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் விட்டு, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டேன். கடுகு, கறிவேப்பிலை ஒன்றும் இல்லை, அம்மா சொன்ன மாதிரியே கொழகொழவென்று எடுத்தேன். பயல் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "மூணாம் நாள் பிடிக்கும்யா" என்றேன்.

தம்பி அம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். பாதி சாப்பிட்ட பிறகு, "அக்கா, அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டான்.

மகளுடைய பழைய போன், கண்ணாடி உடைந்தது, பீரோவில் என் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருந்தது. நான்கு வருஷமாகச் சார்ஜ் போடவில்லை. வயரை மாட்டினால் முதலில் வெளிச்சமே வரவில்லை. உயிர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.